எடின்பரோவில் கைடோடு நடப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்து பேக்கேஜ் டூர்கள் எடின்பரோவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரை நாள்தான். கோட்டைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். போட்டோ, கடைத்தெரு, மறுபடி பஸ். அதில் ஊரைப் பார்த்த கணக்கே வராது. பழைய நகரத்தின் சந்துகளுக்குள் பஸ் நுழையாது, நடந்துதான் போக வேண்டும். கைடு இல்லாமல் நடந்தால் எந்தச் சந்து அடுத்த தெருவில் போய்த் திறக்கும், எது யாரோ ஒருவர் வீட்டு வாசலோடு முடியும் என்று தெரியாது.

வாக்கிங் டூர் என்று தேடினால் பெயர்கள் கொட்டுகின்றன. ஆனால் விசா எப்போது போடுவது, எங்கே போய் நிற்பது, இலவசம் என்றால் உண்மையிலேயே இலவசமா, முழங்கால் வலி உள்ளவர்கள் வரலாமா என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. ஊரிலிருந்து வந்த பெற்றோரையும், பிறகு நண்பர்களின் குடும்பங்களையும் கூட்டிப்போகும்போது அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வரலாற்றைத் தொடவில்லை. அதற்குத்தான் கைடுக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

1. முதலில் விசாவா, இடிஏவா என்று பாருங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டனின் விசிட்டர் விசா வேண்டும். ஸ்காட்லாந்துக்கென்று தனி விசா கிடையாது, லண்டனுக்குப் போகும் அதே விசாதான். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பாரிஸ் வரை வந்தாயிற்று, அப்படியே எடின்பரோவையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் பாரிஸ் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆறு மாத விசிட்டர் விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. அடிக்கடி ஏற்றுகிறார்கள், அதனால் பணம் கட்டும் நாளில் பிரிட்டன் அரசின் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பயணத் தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே சில நாள் போய்விடும். பயணத்துக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது விண்ணப்பத்தை முடித்துவிட்டால் பதற்றம் இல்லை.

ஆவணங்கள்: கடந்த ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் லீவு கடிதம். ஓய்வு பெற்றவர் என்றால் பென்ஷன் ஆவணம். செலவைப் பிள்ளைகள் ஏற்கிறார்கள் என்றால் அவர்களுடைய கடிதமும் ஸ்டேட்மென்ட்டும். தமிழில் உள்ள பத்திரம், சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா, தனிக் கட்டணம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் காகிதம் வையுங்கள். விளக்கம் இல்லாத பணம் உதவுவதைவிடக் கெடுப்பதுதான் அதிகம்.

டூர் ரசீது எதுவும் விசாவுக்குத் தேவையில்லை. அதை இணைத்தால் விசா உறுதி என்று ஏஜென்ட் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விசா மையத்தில் எஸ்எம்எஸ், கூரியர், சொகுசு லவுஞ்ச் என்று நீட்டும் கூடுதல் சேவைகள் எதுவும் கட்டாயமில்லை.

மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம், இடிஏ என்ற மின்னணு அனுமதி போதும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டு. அரசின் சொந்த ஆப்பிலேயே போடுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் அதே வேலைக்குப் பல மடங்கு வசூலிக்கின்றன. கவனிக்க வேண்டிய இன்னொன்று: பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைத்தான் பார்ப்பார்கள். இலங்கை பாஸ்போர்ட்டும் பாரிஸ் குடியிருப்பு அட்டையும் வைத்திருப்பவருக்கு விசாதான்.

2. மாதத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்

ஆகஸ்டில் எடின்பரோவில் ஃபிரிஞ்ச் கலைவிழா. கோட்டையிலிருந்து இறங்கும் ராயல் மைல் சாலை முழுக்கக் கலைஞர்கள், கூட்டம், மேளம். விழாவுக்காகவே வருகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல மாதம் இல்லை. டூருக்காக வருகிறீர்கள் என்றால் அதைவிட மோசமான மாதம் இல்லை. கைடு பேசுவது மூன்றாவது வரிசைக்குக் கேட்காது, அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும். கோட்டைக்கு முன்னாலுள்ள திடலிலும் அந்த மாதம் நடக்கும் ராணுவ இசைவிழாவுக்காகப் பெரிய இருக்கை மேடைகள் எழும்பியிருக்கும்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பேய்க்கதை நடை என்று ஜூன் மாதம் ஏழு மணிக்கு டிக்கெட் எடுத்தால், பட்டப்பகல் வெயிலில் கல்லறைகளுக்கு நடுவே நின்று கதை கேட்பீர்கள். கோடையில் அந்த நாளின் கடைசி நேரத்தை எடுங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணி டூரே போதும்.

என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பர். மழை எல்லா மாதமும் உண்டு, அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

தங்கும் செலவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்குபவர்களுக்கு அறை வாடகையில் 5 சதவீதம் பார்வையாளர் வரி. தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும் வசூலிப்பார்கள்.

3. எந்த டூர் என்று முடிவு செய்யுங்கள்

பொதுவான பழைய நகர நடை. இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ராயல் மைலில் ஆரம்பித்து, சந்துகளுக்குள் நுழைந்து, கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டம் அல்லது கிராஸ்மார்க்கெட் பக்கம் முடியும். முதல் நாள் காலையில் இதைச் செய்யுங்கள். ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும், மீதி நாட்களில் மேப்பை எடுக்கவே தோன்றாது.

நிலத்தடி டூர்கள் இரண்டு வகை. பெயர் தெரியாமல் பலர் ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றை எடுத்துவிடுகிறார்கள். மேரி கிங்ஸ் க்ளோஸ் என்பது செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு எதிரே, நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் புதைந்துபோன பழைய சந்து. வீட்டு அறைகள் அப்படியே இருக்கும். கைடு அந்தக் காலத்து ஆள் போல வேடமிட்டுக் கூட்டிப்போவார். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. மற்றது பிளேர் தெருவுக்கு அடியில், சவுத் பிரிட்ஜ் பாலத்தின் வளைவுகளுக்குள் இருக்கும் கல் அறைகள். அங்கே பார்க்கப் பொருள் எதுவும் கிடையாது. ஈரமான இருட்டு, மெழுகுவத்தி வெளிச்சம், கைடின் வாய். கைடு நன்றாக அமைந்தால் இதுதான் ஊரிலேயே சிறந்த ஒரு மணி நேரம், அமையாவிட்டால் வெறும் பாதாள அறை. பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் மேரி கிங்ஸ், நண்பர்களோடு என்றால் பிளேர் தெரு.

கல்லறை இரவு நடை. கிரேஃப்ரையர்ஸ் தோட்டத்துக்குள் பகலில் யாரும் இலவசமாகப் போகலாம். ஆனால் உள்ளே கவனன்டர்ஸ் சிறை என்ற பகுதி பூட்டிக் கிடக்கும், டூரோடு போனால்தான் கதவு திறக்கும். பிளேர் தெருவையும் இதையும் ஒரே பயணத்தில் எடுக்காதீர்கள். பயமுறுத்தும் உத்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இரவு நடைகளில் சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு, நள்ளிரவை ஒட்டி நடப்பவற்றில் பதினெட்டு வயதுக்கு மேல் மட்டும் என்றும் போட்டிருக்கும்.

இவை தவிர விஸ்கிக்கு, சாப்பாட்டுக்கு, ஹாரி பாட்டர் என்ற, கண்ணாடி போட்ட அந்த மந்திரவாதிப் பையனின் கதைக்கு என்று தனித்தனி நடைகள். கடைசியில் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டால் கூட்டிப்போங்கள். பெரியவர்களுக்குக் கதை தெரியாவிட்டால் ஒன்றும் புரியாது.

அதிகம் பேர் தவறவிடுவது புதிய நகரத்தையும், லீத் ஆற்றோரமாக டீன் வில்லேஜ் வரை போகும் நடையையும். கூட்டம் குறைவு, கைடு சொல்வது காதில் விழும்.

ஏழெட்டு பேர் கொண்ட குடும்பம் என்றால் புளூ பேட்ஜ் வைத்திருக்கும் கைடு ஒருவரைத் தனியாக அமர்த்துவதைப் பற்றி யோசியுங்கள். பயிற்சியும் தேர்வும் முடித்துத்தான் அந்த பேட்ஜ் தருகிறார்கள். அரை நாளுக்கே நூற்றுக்கணக்கில் பவுண்டு ஆகும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் மொத்தக் குழுவுக்கு ஒரே தொகை. உங்கள் வேகத்துக்கு நடப்பார், பாட்டி உட்கார்ந்தால் நிற்பார்.

காசே வேண்டாத டூர்களும் இருக்கின்றன. ராயல் மைலின் கீழ்க்கோடியில் உள்ள ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தில் கைடோடு சுற்றிப் பார்க்க இலவசம், முன்பதிவு செய்ய வேண்டும். கோட்டைக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டால் உள்ளே அவர்களே நடத்தும் கைடு டூருக்குத் தனிக் கட்டணம் இல்லை. இது தெரியாமல் வெளியே ஒரு கோட்டை டூரையும் சேர்த்து வாங்குபவர்கள் உண்டு.

4. இலவச டூரின் விலை என்ன

இலவச வாக்கிங் டூர் என்று போட்டிருப்பவை டிப்ஸில் ஓடுபவை. முடிவில் கைடு ஒரு சின்னப் பேச்சுப் பேசுவார், எல்லோரும் பர்ஸை எடுப்பார்கள். சட்டப்படி ஒன்றும் தராமல் நடையைக் கட்டலாம். ஆனால் அந்தக் கைடுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த டிப்ஸ் மட்டும்தான். ஒருவருக்கு 10 பவுண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் 5, மிகவும் பிடித்தால் 15. நாலு பேர் குடும்பம் சேர்ந்து 5 பவுண்டு நீட்டினால் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார், ஆனால் நன்றாக இருக்காது.

ஆக நாலு பேருக்கு இலவச டூர் 40 பவுண்டு. கட்டண டூருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டண டூரில் குழு சிறியதாக இருந்தால் அதுவே லாபம். எடுப்பதற்கு முன் குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று பாருங்கள். அந்த எண்ணைப் போடாத டூரில் கூட்டம் பெரியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிலத்தடி டூர், கோட்டை இரண்டும் பெரியவர் ஒருவருக்குத் தலா 20 பவுண்டைச் சுற்றி வரும். பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். கோட்டைக்கு வாசலில் எடுப்பதைவிட இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் மலிவு, கூட்ட நாட்களில் வாசலில் டிக்கெட்டே இருக்காது.

5. இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே புக் செய்யுங்கள்

காரணம் ஓடிபி. இந்திய கார்டில் பணம் கட்டினால் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். இங்கே வந்து உள்ளூர் சிம் போட்ட பிறகு அந்த எண் பையில் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும்போதே கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

டூர் நடத்துபவர்களின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். இடைத்தரகுத் தளங்களில் எடுத்தால் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும்போது இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார். எங்கே எடுத்தாலும் ரத்து விதியை முதலில் படியுங்கள். 24 மணி நேரத்துக்கு முன்பு வரை பணம் திரும்பும் என்றிருந்தால் நல்லது. இலவச டூருக்கும் பெயர் பதிய வேண்டும். வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் இடத்தை வைத்துக்கொண்டு கைடு வீதியில் காத்திருப்பார்.

இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பத்து மணி டூர் பன்னிரண்டரைக்கு முடியும் என்று போட்டிருந்தால் முடியும்போது மதியம் ஒரு மணி ஆகியிருக்கலாம். கோட்டைக்கு நேரம் குறித்த டிக்கெட், தாமதமானால் உள்ளே விடுவது அவர்கள் தயவு.

லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள்: கிங்ஸ் கிராஸிலிருந்து சுமார் நாலரை மணி நேரம். முன்கூட்டி எடுக்கும் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். வந்து சேரும் நாளிலேயே டூர் வைக்காதீர்கள்.

6. புறப்படும் இடம்: மேப்பில் தெரியாத மாடி

எடின்பரோவுக்குப் புதிதாக வருபவர்கள் டூரைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ஊர் இரண்டு தளங்களில் இருக்கிறது. மேலே ஒரு தெரு, அதே இடத்தில் கீழே இன்னொரு தெரு. சவுத் பிரிட்ஜ், ஜார்ஜ் நாலாம் மன்னர் பிரிட்ஜ் இரண்டும் பாலங்கள்தான், ஆனால் இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்கி நிற்பதால் மேலே நடக்கும்போது பாலம் என்றே தெரியாது. அவற்றுக்கு அடியில் கவ்கேட் தெரு ஓடுகிறது. போன் மேப்பில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும். நீலப் புள்ளி சரியான இடத்தில் இருக்கும், நீங்கள் பல மாடி கீழே நிற்பீர்கள். டூர் புறப்படும் இடம் சவுத் பிரிட்ஜ் மேலேயா, கவ்கேட்டிலா என்று முகவரியை இரண்டாம் முறை படியுங்கள்.

ராயல் மைல் என்ற பெயரைத் தெருப் பலகையில் தேடாதீர்கள். ஒரே சாலைதான், ஆனால் கோட்டையிலிருந்து இறங்கும்போது காசில்ஹில், லான்மார்க்கெட், ஹை ஸ்ட்ரீட், கேனன்கேட் என்று பெயர் மாறிக்கொண்டே போகும். பெரும்பாலான டூர்கள் புறப்படுவது ஹை ஸ்ட்ரீட் பகுதியில்: செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் மெர்கட் கிராஸ் என்ற கல் மேடை, அல்லது கொஞ்சம் கீழே ட்ரான் கர்க் என்ற கோபுரக் கட்டடம். ஒரே இடத்தில் நாலைந்து நிறுவனங்களின் கைடுகள் வெவ்வேறு நிறக் குடையோடு நிற்பார்கள். குடையின் நிறத்தை மட்டும் பார்த்துப் போய் நிற்காமல் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். வேறு குழுவோடு பாதி தூரம் போனபின் தெரிந்தால் யாரும் திரும்பக் கொண்டுவந்து விடமாட்டார்கள்.

வேவர்லி ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. எந்த வாசலில் வெளியேறினாலும் ஏற்றம்தான். பழைய நகரத்துக்கு மார்க்கெட் தெரு வாசல், பிரின்சஸ் தெரு வாசலில் ஏறினால் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். மார்க்கெட் தெருவிலிருந்து மேப் உங்களை ஃபிளெஷ்மார்க்கெட் க்ளோஸ் வழியாக அனுப்பப் பார்க்கும். தூரம் குறைவுதான், ஆனால் முழுக்கச் செங்குத்துப் படிகள். பெரியவர்கள், பெட்டி, தள்ளுவண்டி எது இருந்தாலும் வளைந்து ஏறும் கோபர்ன் தெருவில் போங்கள். பத்து நிமிடம் ஆகும், மூச்சு வாங்காது.

விமான நிலையத்திலிருந்து டிராமும் 100 எண் பஸ்ஸும் சுமார் அரை மணியில் நகர மையத்துக்கு வந்துவிடும். டிராமில் ஏறுவதற்கு முன்பு நடைமேடையிலுள்ள கருவியில் கார்டைத் தட்டிவிட வேண்டும், ஏறிய பிறகு டிக்கெட் கேட்டால் அபராதம். மூத்தவர்களுக்கு பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு, அதற்கான அட்டையோடு.

7. காலுக்கும் தோளுக்கும்

பாதைகளில் பதித்திருப்பது கருங்கல். மழையில் வழுக்கும். அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் வராதீர்கள். செருப்பு, புத்தம்புது ஷூ இரண்டும் வேண்டாம். குடையைக் காற்று திருப்பிப் போட்டுவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் நிற்கும். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், நிலத்தடியில் எல்லா மாதமும் குளிர்.

பெட்டியோடு டூருக்கு வராதீர்கள். வேவர்லியில் காசு கொடுத்து வைத்துவிட்டு வாருங்கள். கோட்டைக்குள்ளும் பெரிய பைகளை விடமாட்டார்கள்.

8. பெரியவர்களும் பிள்ளைகளும்

டூர் நடுவில் கழிப்பறைக்கு நிறுத்துவது அரிது. வேவர்லி நிலையத்தில் இலவசக் கழிப்பறை உண்டு. சேம்பர்ஸ் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம், காலை பத்து மணிக்குத் திறக்கும், கழிப்பறை, லிஃப்ட், உட்கார இருக்கை எல்லாம் இருக்கும். கிரேஃப்ரையர்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. டூர் அங்கே முடிந்தால் நேரே அதற்குள் போய்விடுங்கள்.

இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே கேட்க வேண்டும். நடப்பதைவிட நிற்பதுதான் முட்டியைக் கொல்கிறது. மடக்கு ஸ்டூல் இருந்தால் கொண்டுவாருங்கள், கைடிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் படி இல்லாத வழி இருக்கும் இடங்களில் காட்டுவார். நிலத்தடி டூர்களில் படிகளும் மேடுபள்ளத் தரையும் தவிர்க்க முடியாதவை. தள்ளுவண்டி செல்லாது. மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் மதியம் சரியாக ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். பக்கத்தில் நின்றால் தூக்கிவாரிப்போடும். இதய நோய் உள்ளவர்களிடமும் குழந்தைகளிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்கு ஸ்காட்டிஷ் உச்சரிப்பு இன்னும் சிரமம். தமிழில் நடத்தும் டூர் எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர்களுக்கு நிலத்தடி டூரைவிடக் கோட்டை நல்லது. கண்ணால் பார்க்கவே நிறைய இருக்கிறது, கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை.

9. இரண்டு நாளில் இப்படிப் போகலாம்

முதல் நாள் காலை பத்து மணிக்குப் பழைய நகர நடை. முடிந்ததும் சாப்பாடு. சவுத் பிரிட்ஜைத் தாண்டி நிக்கல்சன் தெருப் பக்கம் நடந்தால் இந்தியச் சாப்பாடு ராயல் மைலைவிட மலிவாகக் கிடைக்கும். மதியம் அருங்காட்சியகம், மாலையில் ஓய்வு, இரவு நிலத்தடி டூர். இரண்டாம் நாள் கோட்டைக்குக் காலையின் முதல் டிக்கெட். பிறகு ராயல் மைலில் கீழ்நோக்கி இறங்கி நாடாளுமன்றம். இந்த வரிசையில் போனால் நாள் முழுக்க இறக்கம், தலைகீழாகப் போனால் நாள் முழுக்க ஏற்றம். நாடாளுமன்றம் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்து வையுங்கள். டிப்ஸ், நிலத்தடி, கோட்டை எல்லாம் சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு 50 பவுண்டை ஒட்டி ஆகும். தங்குவது, சாப்பிடுவது தனி.

10. கையில் மிஞ்சும் ஸ்காட்டிஷ் நோட்டு

இங்கே மூன்று வங்கிகள் சொந்தமாக பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. மதிப்பு ஒன்றுதான், ஆனால் இங்கிலாந்தில் சில கடைகள் வாங்க மறுக்கும். இந்தியாவில் மாற்றுவதோ பெரும் பாடு. டிப்ஸுக்காக ஏடிஎம்மில் எடுக்கும்போது இந்த நோட்டுகள்தான் வரும். தேவையான அளவு மட்டும் எடுத்து, கைடுகளுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ரயில் ஏறும்போது ஒன்றிரண்டு மிஞ்சினால் வேவர்லி நிலையத்துக் கடையில் தண்ணீரும் சாண்ட்விச்சும் வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் போய்ச் சேர நாலரை மணி நேரம் இருக்கிறது.